மது வாங்க எந்த வயது சரி: 18ஆ, 21ஆ, 25ஆ?

18 வயதில் ஓட்டுப் போடலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம், ராணுவத்தில்கூடச் சேரலாம். ஒரு பீர் வாங்க மட்டும் ஏன் 21 வரை காத்திருக்க வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்கிறது. பள்ளிச் சீருடையில் பையன்கள் குடிக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பதறிய இன்னொரு தரப்பு, வயதை 25 ஆக்கிவிட வேண்டியதுதானே என்கிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இப்போது இருக்கும் 21 சரியான வயது. அதைக் குறைக்கக் கூடாது, கூட்டவும் தேவையில்லை. ஆனால் அந்த 21 விதிப் புத்தகத்தில் இருக்கிற அளவுக்குக் கடைக் கவுன்டரில் இல்லை. பக்கத்திலேயே புதுச்சேரியில் அது 18. இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்காமல் எண்ணை மட்டும் ஏற்றி இறக்கிப் பேசுவதால் ஒரு பையனைக்கூடக் காப்பாற்ற முடியாது.

முதலில் சட்டம், ஏனென்றால் இதில் குழப்பம் அதிகம். இந்தியா முழுவதற்கும் ஒரே வயது கிடையாது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு மாநிலமும் தனக்குப் பட்டதை வைத்திருக்கிறது. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானாவில் 21. கேரளத்தில் 2017 வரை 21, அதன் பிறகு 23. கோவாவிலும் புதுச்சேரியிலும் 18. டெல்லியில் 25. மகாராஷ்டிராவில் மென்மையான பீருக்கு 21, பிராந்தி, விஸ்கி வகைகளுக்கு 25. ஹரியானா 25 வைத்துப் பார்த்துவிட்டு 2021 டிசம்பரில் 21க்கு இறங்கி வந்தது. கர்நாடகம் 2023 ஜனவரியில் 21ஐ 18 ஆக்க ஒரு வரைவு வெளியிட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிட்டது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மத்தியச் சட்டம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், பிரிவு 77: மருத்துவர் சொல்லாமல் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு மது கொடுத்தாலோ கொடுக்க வைத்தாலோ 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது கடைக்காரருக்கு மட்டுமல்ல, கல்யாண வீட்டு மொட்டை மாடியில் 16 வயதுப் பையன் கையில் கிளாஸைக் கொடுக்கும் மாமாவுக்கும் பொருந்தும். ஆகவே 18க்குக் கீழே எந்த விவாதமும் இல்லை. நாம் உண்மையில் சண்டை போடுவது 18க்கும் 21க்கும் நடுவில் உள்ள மூன்று வருடங்களைப் பற்றித்தான்.

'18 ஆனால் எல்லாவற்றுக்கும் பெரியவன்' என்ற வாதம் கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் நம் சட்டம் அப்படி ஒரே கோடு போட்டதில்லை. ஆணுக்குத் திருமண வயது 21. சட்டமன்றத் தேர்தலில் நிற்க 25. லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகனம் ஓட்டும் உரிமத்துக்கு 20. காரியம் எதுவோ, அதில் தவறினால் யாருக்கு எவ்வளவு சேதமோ, அதற்கேற்ப வயது மாறுகிறது. ஓட்டைத் தப்பாகப் போட்டால் ஐந்து வருடம் கழித்துத் திருத்தலாம். போதையில் பைக்கை எடுத்தால் எதிரே வருபவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. அதனால் 'ஓட்டுப் போடலாமே' என்பதை விட்டுவிட்டு, வயதை மாற்றிப் பார்த்த நாடுகளில் என்ன நடந்தது என்று பார்ப்பதுதான் உருப்படியான வழி.

இதில் அமெரிக்காவின் அனுபவம் மிகப் பெரியது. 1971இல் அங்கே ஓட்டுரிமை வயதை 18க்கு இறக்கினார்கள். 'ஓட்டுக்கு 18 என்றால் பீருக்கும் 18தானே' என்று நாம் இன்று கேட்பதையே அங்கேயும் கேட்டு, 1970க்கும் 1975க்கும் இடையில் 29 மாநிலங்கள் குடி வயதை 18, 19, 20 என்று குறைத்தன. சில வருடங்களிலேயே இளைஞர்கள் ஓட்டிய கார்களின் விபத்துகள் கூடுவது கணக்கில் தெரிந்தது. அதைவிட மோசம் மாநில எல்லைகளில் நடந்தது. தன் ஊரில் 21, ஆற்றைத் தாண்டினால் 18 என்றால் 19 வயதுப் பையன் என்ன செய்வான்? காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு, நடுராத்திரியில் அதே காரில் திரும்பினான். அந்தச் சாலைகளுக்கு 'ரத்த எல்லை' என்றே பெயர் வந்தது.

1980இல் கலிஃபோர்னியாவில் 13 வயது மகளைக் குடிபோதை ஓட்டுநரிடம் பறிகொடுத்த கேண்டி லைட்னர், அப்படிப்பட்ட தாய்மார்களின் அமைப்பைத் தொடங்கினார். அந்த அழுத்தத்தில் 1984 ஜூலை 17 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் வந்தது. மது அங்கேயும் மாநிலங்களின் அதிகாரம் என்பதால் மத்திய அரசு நேரடியாக வயதை விதிக்கவில்லை. வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் முதல் வருடம் 5 சதவீதத்தையும் அடுத்த வருடத்திலிருந்து 10 சதவீதத்தையும் நிறுத்தி வைப்போம் என்றது. தெற்கு டகோட்டா மாநிலம் எதிர்த்து வழக்குப் போட்டு, 1987இல் உச்ச நீதிமன்றத்தில் 7க்கு 2 என்று தோற்றது. 1988இல் கடைசியாக வயோமிங்கும் வழிக்கு வந்தது.

வயதை முதலில் இறக்கி, பிறகு ஏற்றியதால் ஆராய்ச்சியாளர்களுக்கு இரண்டு பக்கமும் அளக்க வாய்ப்புக் கிடைத்தது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வயதைக் கூட்டிய இடங்களில் அந்த வயதினரின் விபத்துகள் நடுமதிப்பாக 16 சதவீதம் குறைந்திருந்தன. குறைத்த இடங்களில் 10 சதவீதம் கூடியிருந்தன. 1975 முதல் 2017 வரை இந்தச் சட்டத்தால் தப்பிய உயிர்கள் சுமார் 32,000 என்பது அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறையின் மதிப்பீடு. பொருளாதார அறிஞர்கள் கார்பென்டரும் டாப்கினும் 2009இல் வேறு வழியில் அளந்தார்கள். 21ஆவது பிறந்தநாளுக்குச் சற்று முன்னும் பின்னும் உள்ளவர்களை ஒப்பிட்டார்கள். சில வாரங்களில் ஒருவரின் உடம்போ படிப்போ மாறிவிடாது. மாறுவது கடையில் வாங்கும் உரிமை மட்டும். அந்தக் கோட்டைத் தாண்டியதும் இறப்பு விகிதம் சுமார் 9 சதவீதம் எகிறியது. சாலை விபத்து, அளவு மீறிய குடி, தற்கொலை ஆகியவைதான் முக்கியக் காரணங்கள்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு: 21 ஆனதும் மொத்தமாக எகிறுகிறது என்றால், 18 வைத்திருந்தால் அது 18இல் எகிறும், அவ்வளவுதானே? உண்மைதான், எந்த வயதில் கதவைத் திறந்தாலும் ஒரு தாவல் இருக்கும். ஆனால் 18இல் திறக்கும் கதவு 18 வயதுக்காரனோடு நிற்காது. 18 வயது மாணவனின் நண்பர்கள் 16, 17 வயதில் அதே பள்ளியில், அதே தெருவில் இருக்கிறார்கள். வாங்கித் தர அவனே போதும். 21 வயதுக்காரனின் நட்பு வட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் அபூர்வம். கோட்டை மூன்று வருடம் தள்ளி வைப்பதன் பெரிய பயன் இதுதான், விவாதங்களில் இது பேசப்படுவதே இல்லை.

நியூசிலாந்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. 1999 டிசம்பரில் அங்கே 20ஐ 18 ஆக்கினார்கள். மது சம்பந்தப்பட்ட விபத்துக் காயங்களை 20 முதல் 24 வயது ஆண்களோடு ஒப்பிட்டு 2006இல் வந்த ஆய்வு, 18, 19 வயது ஆண்களிடம் 12 சதவீதம் கூடுதலையும், சட்டம் தொடவே தொடாத 15 முதல் 17 வயதுப் பையன்களிடம் 14 சதவீதம் கூடுதலையும் கண்டது. பின்னால் வேறு முறையில் செய்த ஓர் ஆய்வு விபத்துகளில் ஏற்றம் தெரியவில்லை என்றது. ஆனால் குடியால் மருத்துவமனையில் சேரும் இளைஞர்கள் கூடியதை அதுவும் ஓரளவு கண்டது. 2012இல் நாடாளுமன்றத்தில் வயதை மறுபடி ஏற்றும் தீர்மானம் வந்தது. பாரில் 18, கடையில் வாங்க 20 என்ற நடுவழியும் வாக்கெடுப்புக்கு வந்தது. இரண்டுமே தோற்றன. ஒருமுறை இறக்கிய வயதை ஏற்றுவது அரசியல் ரீதியாக எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

'ஐரோப்பாவைப் பாருங்கள், வீட்டில் அப்பா அம்மாவோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுகிறார்கள், அதனால் அளவோடு குடிக்கிறார்கள்' என்பது அடுத்த வாதம். ஜெர்மனியில் பீருக்கும் ஒயினுக்கும் 16, சாராய வகைகளுக்கு 18 என்பது உண்மை. அளவோடு குடிக்கிறார்கள் என்பதுதான் உண்மையில்லை. 2019இல் ஐரோப்பிய நாடுகளின் 15, 16 வயது மாணவர்களிடம் எடுத்த பெரிய கணக்கெடுப்பில், கடந்த 30 நாட்களில் குடித்தவர்கள் சராசரியாக 47 சதவீதம். அதே வருடம் அமெரிக்காவில் பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் அது 18 சதவீதம். ஐரோப்பிய நாடுகளே வயதை ஏற்றும் திசையில்தான் போகின்றன: இத்தாலி 2012இல் 16ஐ 18 ஆக்கியது, நெதர்லாந்து 2014இல் அதையே செய்தது, லிதுவேனியா 2018இல் 18ஐ 20 ஆக்கியது. வீட்டில் பெற்றோரே கொடுத்துப் பழக்குவது பாதுகாப்பு என்ற நம்பிக்கையையும் ஆஸ்திரேலியாவில் 1,900க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆறு வருடம் பின்தொடர்ந்து சோதித்தார்கள். 2018இல் முடிவு வந்தது: அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை, பெற்றோர் கொடுத்த பிள்ளைகள் வெளியிலும் வாங்கிக் குடிப்பது கூடியது.

ஆனால் ஐரோப்பா நமக்குப் பொருந்தாததற்கு இதைவிடப் பெரிய காரணம் பாட்டிலுக்குள் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும்.

ஜெர்மனிப் பையன் குடிக்கும் அரை லிட்டர் பீரில் 5 சதவீதம் ஆல்கஹால் என்றால், அது 25 மில்லி. ஆல்கஹாலின் அடர்த்தி 0.789 என்பதால் எடையில் சுமார் 20 கிராம். நம் டாஸ்மாக் கவுன்டரில் அதிகம் கைமாறுவது 180 மில்லி குவாட்டர். பிராந்தியோ ரம்மோ, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். 180ஐ 0.428ஆல் பெருக்கினால் 77 மில்லி. எடையில் 60.8 கிராம். அதாவது மூன்று ஜெர்மானியப் பீர் ஒரே குட்டி பாட்டிலில். உலகச் சுகாதார நிறுவனம் 'ஒரே அமர்வில் மிகையான குடி' என்பதற்கு வைத்திருக்கும் வரையறை 60 கிராம். நம் ஊரில் ஒருவருக்கு என்று சாதாரணமாக விற்கப்படும் பாட்டிலே அந்த வரையறையைத் தொட்டுவிடுகிறது. பீருக்குப் போனாலும், 650 மில்லி பாட்டிலில் 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 41 கிராம்.

இப்போது 55 கிலோ எடையுள்ள 18 வயதுப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணின் உடம்பில் ஆல்கஹால் பரவும் நீர்ப்பங்கு எடையில் சுமார் 0.68 பங்கு, 55ஐ அதால் பெருக்கினால் 37.4. ஒரு குவாட்டரின் 60.8 கிராமை அதால் வகுத்தால் லிட்டருக்கு சுமார் 1.6 கிராம், அதாவது 100 மில்லி ரத்தத்தில் சுமார் 160 மில்லிகிராம் வரும். ஒரு மணி நேரத்தில் குடித்து முடித்தான், அதற்குள் ஈரல் 15 மில்லிகிராம் எரித்துவிட்டது என்று கழித்தாலும் 145, 150 நிற்கும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185 அனுமதிக்கும் வரம்பு 30. ஐந்து மடங்கு. ஈரல் மணிக்குச் சுமார் 15 என்ற வேகத்தில்தான் எரிக்கும். மோர், எலுமிச்சை, குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. இரவு 9 மணிக்குக் குடித்து முடித்தவன் வரம்புக்குள் வர விடிகாலை 5 மணி ஆகும். 'முழுசா இல்லை, கட்டிங்தான்' என்று ஒரு குவாட்டரை இரண்டு பேர் பகிர்ந்தால்கூட ஆளுக்கு 30 கிராம். ஒரு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் 65 அளவுக்கு நிற்கும், வரம்பைப்போல இரண்டு மடங்கு. சாப்பாடு, உடல்வாகு பொறுத்து இந்த எண்கள் ஏறி இறங்கும்; தலைகீழாக மாறாது.

இவன் ஏறப்போவது பைக்கில். 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். கியர் வண்டிக்கு உரிமம் கிடைப்பது 18இல். வண்டி கைக்குப் பழகும் முதல் மூன்று வருடங்களில் மதுவும் சட்டப்படி கைக்கு வராமல் இருப்பது, நம் நிலைமையில் 21க்கு ஆதரவான மிக வலுவான காரணம் என்று நினைக்கிறேன். இங்கே சட்டத்தில் ஒரு குறையும் உண்டு. ஜெர்மனி 2007இலிருந்து புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கும் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் வரம்பைப் பூஜ்யம் ஆக்கிவிட்டது. அமெரிக்காவில் 21க்குக் கீழே 0.02 சதவீதத்துக்குள்தான், அதாவது நம் அளவில் 20 மில்லிகிராமுக்குள்தான் இருக்க வேண்டும். நம் 30 மில்லிகிராம் எல்லா வயதுக்கும் ஒன்றே. வாங்கவே உரிமை இல்லாத வயதினருக்கு 30 வரை ஓட்டலாம் என்று அனுமதிப்பதில் அர்த்தமில்லை. 21க்குக் கீழே பூஜ்யம் என்று திருத்த வேண்டும்.

மூளை வளர்ச்சியைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முடிவெடுக்கும், அடக்கி வைக்கும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டிருக்கிறது என்பது உறுதி. ஆனால் அதை வைத்து 21ஐயும் நிறுவ முடியாது, 25ஐயும் நிறுவ முடியாது. எந்தப் பிறந்தநாளிலும் மூளையில் சுவிட்ச் விழுவதில்லை. அதேபோல், 15 வயதுக்கு முன் தொடங்கியவர்களில் 40 சதவீதம் பேர் பின்னாளில் அடிமையானார்கள், 20க்கு மேல் தொடங்கியவர்களில் 10 சதவீதம்தான் என்ற அமெரிக்கக் கணக்கை மேடையில் அடிக்கடி கேட்கலாம். கணக்கு சரி. ஆனால் 14 வயதில் குடிக்கும் பிள்ளையின் வீட்டுச் சூழலும் பரம்பரையும் ஏற்கெனவே வேறாக இருக்கும். வித்தியாசம் முழுவதையும் வயதின் மேல் ஏற்றக் கூடாது. வலுவான சான்று விபத்துகளில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்வதே நேர்மை.

அப்படியானால் 25? பரிவு இருக்கிறது, பலன் இல்லை. விபத்து குறைந்ததற்கான மேலே சொன்ன சான்றுகள் எல்லாம் 18 முதல் 21 வரையிலான மாற்றத்தைப் பற்றியவை. 25க்கு அப்படி ஒரு தரவும் கிடையாது. 24 வயதில் ஒருவர் வேலையில் இருப்பார், கல்யாணமாகிக் குழந்தைகூட இருக்கும். அவரைக் கடைக்காரர் திருப்பி அனுப்புவார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, அனுப்புவதுமில்லை. 24 வயதுக்காரரிடம் வயது கேட்காமல் பழகிய கவுன்டர், 17 வயதுக்காரனிடமும் கேட்காது. 2024 மே மாதம் புனேயில் இரண்டு இளம் பொறியாளர்களைக் கொன்ற போர்ஷே விபத்தை நினைத்துப் பாருங்கள். காரை ஓட்டியதாக வழக்கில் சேர்க்கப்பட்டவன் 17 வயதுச் சிறுவன். அன்றிரவு அவனுக்கு மது பரிமாறப்பட்டதாகச் சொல்லி அங்கிருந்த விடுதிகளைக் கலால் துறை மூடி முத்திரை வைத்தது. நாட்டிலேயே மிக உயர்ந்த குடி வயது உள்ள மாநிலங்களில் ஒன்று மகாராஷ்டிரா. எண் 25 என்று இருந்தது. கேட்க ஆள் இல்லை.

வயதைக் கூட்டினால் கள்ளச்சாராயம் பெருகும் என்ற பயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்த, கடையில் வாங்க வயது உள்ள பெரியவர்கள். அவர்களைச் சாராயத்துக்குத் தள்ளியது விலை. வயது விவாதத்தில் அந்தத் துயரத்தை ஆதாரமாகக் காட்டுவது பொருந்தாது.

இனி கவுன்டருக்கு வருவோம். 2003 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். 2023 ஜூனில் 500 கடைகளை மூடியபோது 4,829 கடைகள் எஞ்சின. விற்பவர் ஒரே ஒருவர், அதுவும் அரசு; வயதுச் சோதனைக்கு இதைவிட வசதியான அமைப்பு கிடையாது. இதே போன்ற அரசு ஏகபோகம் ஸ்வீடனில் இருக்கிறது. அங்கே பாரில் 18, கடையில் 20. பார்க்க 25க்குக் குறைவாகத் தெரிகிற எவரிடமும் ஊழியர் அடையாள அட்டை கேட்க வேண்டும். கேட்கிறாரா என்று பார்க்க, 20 முதல் 24 வயதுள்ளவர்களை வாடிக்கையாளர் போல அனுப்பிச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனைகளில் 95 சதவீதத்துக்கு மேல் அட்டை கேட்கப்படுகிறது.

இங்கே ஏன் நடப்பதில்லை? பல கடைகளில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் இரும்புக் கிராதி. அதில் கை நுழைகிற ஓட்டை. விற்பவர் பார்ப்பது ஒரு கையையும் ரூபாய் நோட்டையும்தான்; முகமே தெரியாதபோது வயதை எப்படிக் கணிப்பது? சாயங்காலம் 6 மணிக்கு மேல் பகல் முழுவதும் சேராத கூட்டம் சேரும்; ஒருவரிடம் அட்டை கேட்டால் பின்னால் நிற்பவர்கள் கத்துவார்கள். ஊழியர் தொகுப்பூதியத்தில் இருப்பவர். திருப்பி அனுப்பப்பட்டவன் கடை அடைத்த பிறகு வெளியே காத்திருந்தால் அவருக்குப் பாதுகாப்பு யார்? அதோடு, எவ்வளவு விற்றது என்று தினமும் கணக்குக் கேட்கும் நிர்வாகம், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேட்பதில்லை. கேட்கப்படாத எதையும் கீழே யாரும் செய்ய மாட்டார்கள்.

செய்ய வேண்டியது சிக்கலான காரியம் இல்லை. கிராதியில் முகம் தெரியும் அளவுக்குத் திறப்பு, அதன் மேல் வெளிச்சம். ஊழியர் கண்ணில் படும்படி 'இன்று இந்தத் தேதிக்கு முன் பிறந்தவர்களுக்கு மட்டும்' என்று தினமும் மாற்றும் ஒரு பலகை. கூட்டத்தில் யாரும் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. 30 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் கட்டாயம் அட்டை. 21 என்ற கோட்டுக்கு 21ஐ அடையாளமாக வைத்தால் 19ஐயும் 22ஐயும் பிரித்தறிய முடியாமல் ஊழியர் கோட்டை விடுவார், ஒன்பது வருட இடைவெளி அதைத் தடுக்கும். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆதார் எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், எண்ணைக் குறிக்கவோ படமெடுக்கவோ கூடாது. யார் எப்போது குடித்தார் என்ற பட்டியல் அரசிடம் சேருவது இன்னொரு ஆபத்து. கைபேசியில் காட்டும் படத்தை ஏற்கக் கூடாது. பிறந்த வருடத்தைத் திருத்துவது பையன்களுக்கு ஐந்து நிமிட வேலை. அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் திறந்து காட்டினால் ஏற்கலாம். காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பிக் கொடுக்கும் திட்டத்தை 2022இல் நீலகிரியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, திரும்ப வாங்கி, காசு கொடுக்க முடிகிற கவுன்டருக்கு ஒரு பிறந்த தேதியைப் பார்ப்பது முடியாத காரியமா?

கடைசி ஓட்டை, கடை வாசலில் நின்று பத்து, இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு வாங்கித் தருபவர். இதைக் கவுன்டரில் பிடிக்க முடியாது. வெளியே இருக்கும் கேமராவும், பள்ளி விடும் நேரத்தில் நிற்கும் ஒரு காவலரும்தான் வழி.

தண்டனை யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விற்றவருக்கும் வாங்கித் தந்தவருக்கும்தான். அதிலும் தனி ஊழியரைப் பலி கொடுக்காமல், சோதனையில் இரண்டு முறை தவறிய கடையையே சில நாள் மூட வேண்டும். அப்போதுதான் மாவட்ட மேலாளர்வரை உறைக்கும். 19 வயது மாணவன் மேல் வழக்குப் போடுவதை ஏற்க முடியாது. ஒரு முதல் தகவல் அறிக்கை அவனை அரசு வேலைக்கான காவல் சரிபார்ப்பு வரை, பாஸ்போர்ட் வரை துரத்தும். ஒரு கட்டிங்குக்கு அந்த விலை அநியாயம்.

புதுச்சேரிக்கு வருகிறேன். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களை ஒட்டி 18. மயிலாடுதுறை, நாகப்பட்டினத்துக்கு நடுவில் காரைக்கால் 18. கேரளத்தின் 23க்கு நடுவே மாஹேயில் 18. ஐந்து வருட இடைவெளி. வார இறுதியில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் 19, 20 வயதுப் பையன்கள் சட்டப்படியே குடித்துவிட்டு, சுமார் 150 கிலோமீட்டர் பைக்கில் திரும்ப முடியும். 1970களின் அமெரிக்க எல்லைகள் இங்கே அப்படியே இருக்கின்றன. அமெரிக்கா நிதியை நிறுத்தி மாநிலங்களை வழிக்குக் கொண்டுவந்தது. இங்கே மது ஜிஎஸ்டியில்கூட இல்லை, மாநிலங்கள் எளிதில் விட்டுக்கொடுக்காது. ஆனால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். அரசியலமைப்பின் 246(4) படி மாநிலப் பட்டியல் விஷயத்திலும் நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் இயற்றலாம். புதுச்சேரிச் சட்டமன்றமே தன் கலால் சட்டத்தைத் திருத்தினால் இன்னும் நல்லது. சுற்றுலா வருமானம் போய்விடும் என்பார்கள். அந்த வருமானத்தில் 18 முதல் 20 வயதுவரை உள்ளவர்களின் பங்கை விட்டுக்கொடுக்கத்தான் கேட்கிறோம்.

21க்கு ஒரு உண்மையான விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2008இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் 21ஐ மறுபரிசீலனை செய்யுங்கள் என்று கையெழுத்திட்டதற்குக் காரணம் இதுதான்: தடை இருப்பதால் பிள்ளைகள் அறையைப் பூட்டிக்கொண்டு அவசர அவசரமாகக் குடிக்கிறார்கள், ஒருவன் மயங்கினால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதில்லை. வயதை இறக்காமலே அங்கே பல மாநிலங்கள் இதற்கு வழி கண்டன. உதவிக்கு அழைத்தவர் மேலும் மயங்கியவர் மேலும் நடவடிக்கை கிடையாது என்று சட்டம் போட்டன. நம் கல்லூரி விடுதிகளும் இதை எழுத்தில் கொடுக்க வேண்டும்: 108ஐ அழைத்தவனுக்கு இடைநீக்கம் இல்லை, வீட்டுக்குக் கடிதம் இல்லை.

அதுவரை ஒவ்வொரு விடுதி அறையிலும் தெரிந்திருக்க வேண்டியது: தட்டி எழுப்பியும் எழாதவன், நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாக மூச்சு விடுபவன், இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து நொடிக்கு மேல் இடைவெளி விடுபவன், உதடு நீலம் பாரித்தவன், உடம்பு சில்லிட்டவன் தூங்கவில்லை, அவன் உயிருக்கு ஆபத்து. உடனே 108. மல்லாக்கப் படுக்க வைத்தால் வாந்தி மூச்சுக்குழலில் இறங்கும்; ஒருக்களித்து, மேல் காலை மடக்கி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி படுக்க வையுங்கள். காபி, மோர், பச்சைத் தண்ணீர் குளியல் வேண்டாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வயிற்றில் மிச்சமிருக்கும் ஆல்கஹால் இன்னும் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும், அதனால் 'கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும்' என்று அறையை விட்டுப் போகாமல், வண்டி வரும்வரை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருங்கள்.